பிரஞ்சுக் கோஷ்டியை உதறிவிட்டுப் போன பந்தாட்டக்காரர்
(தொழிலாளர் கால்பந்துப் பந்தயத்தின் பரிசளிப்பில் பேசியது)



கோப்பையைக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றார்கள். நான் சொல்ல வந்தது இரண்டு வார்த்தையில் அடங்காது. மழை வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பந்தாட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரின் கதை இது. பெயர் ரஷீத் மெக்லூஃபி. 1936 ஆகஸ்டில் அல்ஜீரியாவில் செத்தீஃப் என்ற ஊரில் பிறந்தவர். 2024 நவம்பரில் காலமானார். அவர் பிறந்தபோது அந்த தேசம் பிரான்சின் பிடியில் இருந்தது. நல்ல நிலமெல்லாம் வெள்ளைக் குடியேறிகளின் கையில். மண்ணின் மக்கள் அவர்களுடைய திராட்சைத் தோட்டங்களில் கூலிகள்.

1945 மே 8. ஹிட்லர் ஆட்சி விழுந்த நாள். செத்தீஃப் மக்களும் வீதிக்கு வந்தார்கள். எங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று சொந்தக் கொடியைத் தூக்கினார்கள். போலீஸ் சுட்டது. பிறகு ராணுவம் சுற்றுக் கிராமங்களில் புகுந்து வாரக்கணக்கில் வேட்டையாடியது. செத்தவர்கள் 45,000 பேர் என்பது அல்ஜீரியாவின் கணக்கு. சரித்திர ஆசிரியர்கள் பலர் அதைக் குறைத்துச் சொல்கிறார்கள்; அவர்களும் ஆயிரக்கணக்கில்தான் சொல்கிறார்கள். அப்போது மெக்லூஃபிக்கு 8 வயது.

1954-ல் அந்தப் பையன் பிரான்சில் செந்த்-எத்தியேன் என்ற ஊரின் சங்கத்துக்கு ஆட வந்தான். நிலக்கரிச் சுரங்கம், ஆயுதத் தொழிற்சாலை, ரிப்பன் நெய்யும் தறி என்று முழுக்க முழுக்க உழைப்பாளிகளின் ஊர் அது. கரி படிந்த மனிதர்கள் கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்ப்பார்கள். ழான் ஸ்நெல்லா என்ற பயிற்சியாளர் இந்த மெலிந்த பையனின் காலில் இருந்த வித்தையைக் கண்டுகொண்டார். 1957-ல் அந்தக் கோஷ்டி முதல் முறையாகப் பிரஞ்சு சாம்பியன் ஆயிற்று. அதே வருஷம் உலக ராணுவக் கோப்பையை வென்ற பிரஞ்சுப் படைக் கோஷ்டியிலும் அவர் ஆடினார். கட்டாய ராணுவச் சேவை அப்போது. பிரான்சின் தேசியக் கோஷ்டியும் அவரை எடுத்துக்கொண்டது.

தொழில் ஆட்டக்காரன் என்றால் ராஜா என்று நினைக்கிறோம். அந்தக் காலத்துப் பிரான்சில் அப்படியில்லை. ஒரு சங்கத்தில் கையெழுத்துப் போட்டால் 35 வயது வரை அந்தச் சங்கத்துக்கே சொந்தம். அவர்கள் விட்டால் போகலாம், விற்றால் விலைபோகலாம். தானாகக் கிளம்ப முடியாது. பண்ணையாள் முறையைப் பற்றிப் பாட்டன் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரெய்மோன் கோப்பா என்ற பெரிய ஆட்டக்காரர், சிறுவயதில் சுரங்க வேலையில் விரலை இழந்தவர், 1963-ல் "ஆட்டக்காரர்கள் அடிமைகள்" என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு அவருக்குத் தண்டனை விதித்தார்கள்.

இருந்தாலும் 21 வயதில் மெக்லூஃபிக்குச் சம்பளம் இருந்தது, பெயர் இருந்தது. 1958 ஜூனில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரான்சுக்கு ஆடும் வாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுபக்கம் 1954 நவம்பர் முதல் அல்ஜீரியாவில் விடுதலை யுத்தம். தான் போட்டிருக்கும் அதே ராணுவச் சட்டையோடு சிலர் தன் ஊர்க்காரனைச் சுடுகிறார்கள்.

விடுதலை முன்னணியின் ஆள் முகமது பூமெஸ்ராக் ரகசியமாக ஆட்டக்காரர்களைத் திரட்டினார். 1958 ஏப்ரலில் மெக்லூஃபி ஒரு பந்தயத்தில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அரீபி, கெர்மாலி என்ற இரண்டு பேர் வந்து அவரை அங்கிருந்தே காரில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் ராணுவத்தில் இருப்பவர். யுத்த காலத்தில் ஓடுவது என்ன குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்விஸ் எல்லையில் காவலர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள், பிரபல ஆட்டக்காரர் என்ற அளவில். ஓடிப்போன செய்தி அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை. வழிவிட்டார்கள். அங்கிருந்து இத்தாலி, பிறகு துனிஸ்.

மொனாக்கோ சங்கத்திலிருந்து முஸ்தபா ஸிதூனியும் போய்விட்டார். அவர் பிரான்சின் தேசியக் கோஷ்டியில் தடுப்பாட்டக்காரர். எல்லோருக்கும் அதிர்ஷ்டம் அமையவில்லை. ஹசேன் ஷாப்ரி எல்லையில் பிடிபட்டுச் சிறை சென்றார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

அல்ஜீரியா என்று ஒரு சர்க்கார்கூட அமையாத காலம். அதற்குள் அதற்கு ஒரு கால்பந்துக் கோஷ்டி வந்துவிட்டது! ஃபிஃபா அதை ஏற்க மறுத்தது. அதனுடன் ஆடும் தேசங்கள் தண்டிக்கப்படும் என்று மிரட்டியது. அந்தப் பயத்தில் பல நாடுகள் தேசியக் கோஷ்டியை இறக்காமல் நகரக் கோஷ்டிகளையும் தொழிற்சங்கக் கோஷ்டிகளையும் இறக்கின. நமக்கு வேண்டிய நாடுகளும் இதில் உண்டு, மறைப்பானேன்? ஆனாலும் ஆடினார்கள். அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று 4 வருஷம் சுற்றினார்கள். பெல்கிரேடில் யூகோஸ்லாவியரை 6-1 என்று தோற்கடித்தார்கள். பிரான்சில் வாங்கிய பணத்தோடு ஒப்பிட்டால் கையில் கிடைத்தது சொற்பம்.

1962 ஜூலையில் விடுதலை. மெக்லூஃபி ஜெனீவாவில் செர்வெத் சங்கத்துக்குப் போனார். பயிற்சியாளர் யார் என்கிறீர்கள்? அதே ஸ்நெல்லா.

அந்த வருஷமே செந்த்-எத்தியேன் சங்கம் அவரைத் திரும்ப அழைத்தது. இந்த இடத்தில் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: ஏன் போனார், சுட்டவன் ஊருக்கே பந்து விளையாடவா? சுட்டது செந்த்-எத்தியேன் சுரங்கத் தொழிலாளி அல்ல என்பது என் பதில். ஆனால் யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அந்த ஊரிலும் இருந்தன. மெக்லூஃபிக்கே பயம்தான். மைதானத்துக்குள் வந்தபோது கூட்டம் மௌனமாக இருந்ததென்றும், முதல் பந்தைத் தொட்டு ஆடியதும் ஆரவாரம் எழுந்ததென்றும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த கோஷ்டி 1963-ல் மேலே வந்தது. 1964, 1967, 1968 என்று மூன்று முறை சாம்பியன் ஆயிற்று.

1968 மே 12, பிரஞ்சுக் கோப்பை இறுதிப் பந்தயம். போர்தோவை 2-1 என்று ஜெயித்தார்கள். இரண்டு கோலும் மெக்லூஃபி போட்டவை. கோப்பையைக் கொடுத்தவர் ஜனாதிபதி தெ கோல். பத்து வருஷத்துக்கு முன் ராணுவத்தைவிட்டு ஓடியவனுக்கு அந்த ஜெனரலின் கையால்! மறுநாள் பிரான்ஸ் முழுவதும் பொது வேலைநிறுத்தம். மே 22-ல் ஆட்டக்காரர்களே பாரிஸில் கால்பந்துச் சம்மேளன அலுவலகத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். 35 வயதுவரை கட்டிப்போடும் ஒப்பந்தம் 1969-ல் ஒழிந்தது. அப்போது மெக்லூஃபிக்கு வயது 32. அதன் பலன் இளையவர்களுக்குத்தான் கிடைத்தது.

1982 ஜூன் 16, ஸ்பெயினில் உலகக் கோப்பை. மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2-1 என்று ஜெயித்தது. ஜெர்மனி சமன் செய்த அடுத்த நிமிஷமே பெல்லூமி வெற்றிக் கோலைப் போட்டார். அந்தக் கோஷ்டியைத் தயார் செய்தவர்களில் ஒருவர் மெக்லூஃபி.

தூறல் விழுகிறது. ஜெயித்த கோஷ்டியின் கேப்டன் மேடைக்கு வரலாம்.