எழுத நேரமில்லையா?



எழுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பண்டிதர்களுடைய எழுத்தைப் பற்றியல்ல. சோமனூரில் தறி ஓட்டுகிறவரும், திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் கணக்குக்குத் தைக்கிற பெண்ணும், பல்லடத்துப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை பார்த்து நிற்கிற குடியானவரும் தினந்தோறும் எழுதவேண்டும் என்பதே நமது விஷயம்.

இதைச் சொன்ன இடத்திலெல்லாம் நமக்கு இரண்டே பதில்தான் கிடைக்கிறது. "அதுக்குச் சரஸ்வதி கடாட்சம் வேணுமுங்க" என்பார்கள். இல்லையேல், "நேரம் எங்கீங்க இருக்குது?" என்பார்கள்.

முதல் பதிலுக்கு அதிகம் பேசவேண்டியதில்லை. வருஷத்தில் கல்விக்கென்று ஒரு பூஜை நாள். அந்த நாளிலும் புத்தகத்தையும் பேனாவையும் பொட்டு வைத்து மூலையில் அடுக்கிவிட்டு, தொடக்கூடாது என்கிறார்கள்! இத்தனை கடாட்சமும் இருந்து, 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பின்னால் அந்தத் தொகை ஏறியது பள்ளிக்கூடம் திறந்ததாலும், அங்கே மத்தியானச் சோறு போட்டதாலுமே தவிர, வேறொன்றாலும் அல்ல.

இரண்டாவது பதில் அப்படியல்ல; அது யோக்கியமான ஆட்சேபணை. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றவனைப் பார்த்து, வீட்டுக்குப் போய்க் காவியம் எழுது என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களைப் பற்றித் தினமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டிக்காரர் ஒரு நாள் தவறாமல் நோட்டில் எழுதுகிறார். மேஸ்திரி உங்கள் பீஸை எழுதுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் பேரால் வாக்குமூலம் எழுதுகிறார்கள். நீங்கள் கீழே கைநாட்டு வைக்கிறீர்கள். இவர்களில் எவரும் உள்ளம் பொங்கி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. உங்கள் தரப்பு ஒன்றுதான் காகிதத்தில் ஏறாமல் போகிறது.

இது வெறும் வார்த்தையல்ல. நமது கோவையிலே ஆட்டோ ஓட்டிய தோழர் மு. சந்திரகுமார் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1983-இல் பிழைக்கப்போன குண்டூரிலே, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரையும் கூட்டாளிகளையும் போலீசார் 13 நாள் அடைத்து வைத்து அடித்தார்கள். அதற்கு மேல் மாதக்கணக்கில் சிறைவாசம். அதையெல்லாம் அவர் எழுதினார். 2006-இல் "லாக்கப்" என்று புத்தகமாக வந்தது. அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த "விசாரணை" என்ற படம் 2015-இல் வெனிஸ் நகரத்துப் படவிழா வரைக்கும் போயிற்று. ஸ்டேஷனில் அன்று எழுதிய காகிதத்தை இன்று யார் தேடுகிறார்கள்? ஆட்டோக்காரர் எழுதியதைத்தான் உலகம் கேட்டது.

சரி, எப்படி எழுதுவது? இங்கிலாந்திலே டிராலப் என்று ஒருவர், தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை 5.30 மணிக்கு மேஜைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே ஒரு வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுன் அதிகம் கொடுத்தாராம். இப்படி 47 நாவல். நமக்குக் காப்பி கொடுக்க ஆளில்லை. அத்தனை மணியும் இல்லை. கால் மணி போதும். ஷிப்டுக்குப் போகுமுன்னோ, மோட்டாருக்குக் கரண்டு வரக் காத்திருக்கும்போதோ, எதுவானாலும் அதே கால் மணி. ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்பவர் எழுதவே மாட்டார்; கலியாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அன்றைக்குத்தான் வந்து நிற்கும். சொல்ல மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பழைய பாவின் நுனி தறியில் இருந்தால்தானே புதுப் பாவைப் பிணைக்கலாம்?

நல்ல தமிழ் வராது என்று பயப்படாதீர்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் "நாகம்மாள்" எழுதினார். நிலத்தில் பங்கு கேட்கிற ஒரு விதவையின் கதை. ஆட்கள் பேசுவதெல்லாம் நம் கொங்குப் பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். நீங்கள் சந்தையில் பேசுகிறபடியே எழுதுங்கள்.

கண் தெரியாதவரும் எழுதலாம். சோமனூரிலே 1935-இல் பிறந்த கோவை ஞானி, சர்க்கரை வியாதியால் பார்வை போன பிறகும், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தாம் சொல்லிப் பிறரை எழுதவைத்து, 2020-இல் இறக்கும்வரை புத்தகங்களும் பத்திரிகையுமாகவே இருந்தார். ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற பேரப் பிள்ளை எழுதட்டும்.

தாய்மார்கள் என்றதும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போய்வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவிப் படுக்கிற பெண்ணுக்குக் கால் மணி எங்கிருந்து வரும்? இரவு பாத்திரத்தை நீங்கள் கழுவினால் அங்கிருந்து வரும். மேடையில் சமத்துவம் பேசுகிற நமது தோழர்களிலேயே பலருக்கு இது கசக்கிறது என்று நமக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்திற்கு வருகிறவர்கள் ஒரு நோட்டோடு வாருங்கள். ஒரு வாரத்துக் கூலி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருந்தாலும் சரி. இங்கேயே வாசிப்போம்.