ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீட்டாருக்கு

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெர்மனி அனுபவத்தைப் பேசச் சொல்லிச் செயலாளர் அங்கிள் கேட்டார். பனியையும் கோட்டையையும் என் போட்டோக்களிலேயே பார்த்திருப்பீர்கள். நம் குடியிருப்பிலேயே மூன்று வீடுகளில் பிள்ளைகள் கிளம்பத் தயாராக இருப்பதால், பெற்றோருக்கு உதவுகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் எம்.எஸ்சி. படித்தது கிழக்கு ஜெர்மனியில் உள்ள கெம்னிட்ஸில். 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் பெயர்தான். இன்றும் அவருடைய தலை மட்டும் 7 மீட்டர் உயரத்தில் ஊர் நடுவே நிற்கிறது.

"அங்கே ஃபீஸ் இல்லையாமே?" என்று கேட்கிறீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் உண்மைதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து வசூலிக்கிறது. ஆனால் ஃபீஸ் இல்லாத ஊருக்கும் செலவு உண்டு. விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. நம் பணத்தில் சுமார் 12 லட்சம். அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாக நம்மிடமே திரும்பி வரும். அதில் ரூம் வாடகை போகும், மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு மட்டும் 140 யூரோவுக்கு மேல் போகும்.

சரி, இரண்டாவது வருடத்துக்கு? "பார்ட் டைம் வேலை பார்த்துக்கொள்வான்" என்று ஏஜென்ட் சொல்லுவார். நிலத்தை அடகு வைக்கிற வீடுகள் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வைக்கின்றன. சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வேலை கிடைப்பது வேறு கதை. சின்ன ஊர்களில் ஜெர்மன் பேசத் தெரியாமல் ஹோட்டலில் தட்டு கழுவக்கூடச் சேர்க்க யோசிப்பார்கள். கிடைத்தாலும் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

நமக்கு அரியர் பழகிப்போன சொல். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் கிளியர் செய்துவிடலாம் என்று நினைப்போம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடர முடியாது. விசாவே படிப்புக்காகக் கொடுத்தது, அதுவும் கேள்விக்குறியாகிவிடும். என் ஹாஸ்டலில் இருந்த ஒரு பையன் இரவில் கிடங்கு வேலைக்குப் போய், பகலில் வகுப்பில் தூங்கி, அப்படித்தான் திரும்பி வந்தான். வீட்டில் கடைசி மாதம் வரை தெரியாது. தினமும் வீடியோ காலில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்டார்கள், அவனும் பதில் சொன்னான்.

அதனால் சாப்பிட்டியா என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இதுவரை எத்தனை கிரெடிட் முடிச்சிருக்கே?" இரண்டு வருட மாஸ்டர்ஸுக்கு மொத்தம் 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30 வர வேண்டும். மதிப்பெண்ணைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே 1.0 தான் முதல் தரம், 4.0 வந்தால் பாஸ், 5.0 என்றால் ஃபெயில். நான் 1.7 வாங்கியதைச் சொன்னதும் அப்பா ஐந்து நிமிடம் பேசவே இல்லை.

குளிரை ஜாக்கெட் போட்டுச் சமாளித்துவிடலாம். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். அந்த மாதங்களில் பிள்ளை போனை எடுக்காவிட்டால் கோபப்படாமல், உடன் தங்கியிருப்பவரின் நம்பரையும் வாங்கி வைத்திருங்கள்.

(குப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செயலாளர் அங்கிள் வருத்தப்படுவார். அங்கே பேப்பருக்கு ஒரு தொட்டி, பேக்கிங் கவருக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியே வந்து கதவைத் தட்டுவார். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும்.)

கல்வராயன்மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கிற டீச்சர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. படிக்க வருடத்துக்கு 20 பேருக்கு ஸ்காலர்ஷிப் தருகிறது. குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை உதவியும் தனியாக உண்டு. வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பிளாக்டு அக்கவுண்டுக்கு 12 லட்சம் எங்கிருந்து வரும்? இந்த வழிதான் வழி. காலேஜ் முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை, சாதிச் சான்றிதழ் வாங்கவே நாளாகும். பிளஸ் டூவிலேயே காதில் போட்டு வையுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஏஜென்ட் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற தளம் வழியாக நாமே அனுப்பலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30. அதற்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் ஸ்டூடன்ட் விசாவுக்குப் போக முடியாது.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மாலை 5 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். மார்க் ஷீட், பாஸ்போர்ட் நகலோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வாருங்கள்.