ஓட்டிசமும் இரத்தப் பரிசோதனையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாராட்டுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தந்த நேரத்தை, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உங்களில் பலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்விக்குச் செலவிடுகிறேன். "ஊரிலை தம்பியின்ரை பிள்ளைக்கு ஓட்டிசமாம். இரத்தத்திலை அழற்சி பார்க்கிற பரிசோதனை இருக்காம். காசு அனுப்பட்டே?"

வீணான கேள்வியல்ல. உடலில் கிருமி புகுந்தால் நோயெதிர்ப்புக் கலங்கள் சைற்றோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றான இன்ரலூக்கின்-6 ஈரலைத் தூண்ட, இரத்தத்தில் சீ.ஆர்.பி. கூடுகிறது. 2005இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஓட்டிசத்தோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் அழற்சியின் அடையாளங்களைக் கண்டார்கள். 2015இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஓட்டிசம் உள்ளவர்களின் இரத்தத்தில் இன்ரலூக்கின்-6 உட்படச் சில சைற்றோகைன்கள் சராசரியில் கூடுதலாக இருந்தன.

'சராசரியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தனிப் பிள்ளையை எடுத்தால் அந்த வேறுபாடு கலங்கிவிடும். நேற்றைய தடிமனும், ஆஸ்துமாவும், உடற்பருமனும் அதே எண்ணை உயர்த்தும். எண் கூடினால் ஓட்டிசம் என்றோ, குறைந்தால் இல்லை என்றோ எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அழற்சி காரணமா, விளைவா, கூடவே வருவதா என்பதும் தீரவில்லை. அதற்குள் அழற்சி குறைக்கும் மருந்து என்று விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓட்டிசத்தை இன்றும் பிள்ளையைப் பார்த்துத்தான் கண்டறிகிறோம். ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? படகைக் கண்டு விரலால் காட்டி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா? இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் எனக் கணித்தது. அரிய நோய் என்று ஒதுக்கக்கூடிய கணக்கல்ல அது.

எங்கள் தீவுப் பிள்ளைக்குக் குறைவது பேச்சுச் சிகிச்சை. நெடுந்தீவுத் தாய் குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரம் கடலில் வந்து, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதுவும் இரைச்சல் தாங்காத பிள்ளையோடு, இயந்திரப் படகில். கடல் கொந்தளித்தால் அந்தக் கிழமைச் சிகிச்சை இல்லை. நயினாதீவுக்காரருக்குக் கடல் கொஞ்சம் குறைவு. பஸ் அதே பஸ்தான்.

பரிசோதனைக்கென்று எடுத்துவைத்த காசை அந்தப் பயணச் செலவுக்கு அனுப்புங்கள். சிகிச்சையாளர் ஒருவர் மாதத்தில் இரண்டு நாளாவது தீவுகளுக்கு வந்துபோக வழி உண்டா என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசுவோம். சனிக்கிழமை என்றால் நானும் வருவேன்.