வேறு பள்ளியில் பெற்ற பட்டை



கராத்தே பயிலும் பிள்ளைகள் வெள்ளை உடையின்மேல் இடுப்பில் கட்டும் துணிப் பட்டையை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். உங்களுள் சிலர் அதனைக் கட்டியும் இருப்பீர்கள். நீங்கள் பெல்ட் என்று சொல்வதையே நான் பட்டை என்கிறேன். ஒரு பள்ளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பட்டையோடு ஒருவர், வேறொரு முறையைக் கற்பிக்கும் பள்ளியின் வாயிலில் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள ஆசிரியர் அவரை எந்த வரிசையில் நிறுத்த வேண்டும்? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் கணக்கு ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பள்ளி முற்றத்தில் எத்தனையோ சண்டைகளை விலக்கியிருக்கிறேனேயன்றி ஒருவரையும் குத்தி அறியேன். அப்படிப்பட்டவன் இப்பொருளைப் பேசப் புகுந்ததற்குக் காரணம் என் பேத்தி.

அவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஷோட்டோகான் என்னும் கராத்தே முறையில் ஆறு ஆண்டுகள் பயின்று, கறுப்புக்கு முந்தியதாகிய பழுப்புப் பட்டையைப் பெற்றவள். சென்ற ஆண்டு அவள் தாய்க்கு வேலை மாற்றம் ஆனதால் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் உள்ள கராத்தே பள்ளி ஷிட்டோ ரியூ என்னும் வேறு முறையைச் சார்ந்தது. அதன் ஆசிரியர் அவளைப் பத்து நிமிடம் ஆடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நாளை முதல் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மாலை அவள் பழுப்புப் பட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். "ஆறு வருஷமும் எங்கே போயிற்று, தாத்தா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. ஒரு மாதம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்குச் சினம் உண்டாயிற்று. ஆயினும் காரணம் அறியாமல் ஒருவரோடு வழக்காடப் போவது ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு அழகன்று. ஆதலால் இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அதன் தொடக்கத்திலேயே என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் நிற்கக் கண்டு வியந்தேன்.

அவர் பெயர் கானோ ஜிகோரோ. ஜூடோவை வகுத்தவர் அவரே. 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலின் சிறிய கூடத்தில் கோடோகான் என்னும் தம் பள்ளியைத் தொடங்கினார். அவர் தொழிலால் ஆசிரியர். டோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி புரிந்தவர். மல்லரைவிட ஆசிரியர்களையே மிகுதியாக உருவாக்கியவர் என்று சொன்னாலும் பொருந்தும்.

அவர் காலத்துக்கு முன் ஜப்பானில் ஜுஜுத்சு என்னும் மற்கலையைக் கற்பித்த பள்ளிகள் பல இருந்தன. ஒவ்வொரு பள்ளியும் தன் மாணாக்கனுக்குச் சுருள் ஏடுகளை வழங்கும். கலையின் ஒரு பகுதி முடிந்தால் ஓர் ஏடு. முழுமையும் கைவந்தால் கடைசி ஏடு. அந்த ஏட்டில் பள்ளியின் பெயரும் ஆசானின் பெயரும் இருக்கும். அதனை எடுத்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய், "எனக்கு இணையான இடம் தருக" என்று கேட்பார் இலர். அந்த ஏட்டின் மதிப்பு அந்தப் பள்ளியின் வாயிற்படியோடு நின்றது.

கானோ இத்தகைய இரு பள்ளிகளில் பயின்று, அவற்றிலிருந்து புதிய முறை ஒன்றை உண்டாக்கினார். ஏடுகளுக்கு மாறாக, 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்த 'டான்' என்னும் படி வரிசையைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1883ஆம் ஆண்டில் சைகோ ஷிரோ, தொமிதா ட்சுனெஜிரோ என்னும் இரு மாணாக்கருக்கு முதல் டான் அளித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் கறுப்புப் பட்டை அதன் அடையாளமாயிற்று. முதல் டானுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். தொடக்கப் படி என்பதே அதன் பொருள். கறுப்புப் பட்டை பெற்றவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் நம் பிள்ளைகள் இதனை அறிவது நன்று.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. பழைய ஏடு தன் பள்ளியின் பெயரைத் தானே சொல்லிற்று. எண்ணுக்கும் நிறத்துக்கும் அந்த வாய் இல்லை. மூன்றாம் டான் என்றால் எங்கும் மூன்றாம் டான் போலவே தோன்றும். பழுப்பு என்றால் எங்கும் பழுப்பே. ஒக்கினாவாத் தீவில் பட்டை எதுவும் இன்றி வளர்ந்த கராத்தே, 1924இல் அந்த டான் வரிசையை மேற்கொண்டது. பின்னர்க் கொரியாவின் டேக்வாண்டோவும் மேற்கொண்டது. எண் ஒன்று, நிறம் ஒன்று, ஆனால் அளவுகோல் வேறு வேறு. வெவ்வேறு கல்வி வாரியங்களில் தேறிய மாணவர்களின் மதிப்பெண்களை அருகருகே வைத்து ஒப்பிடும் இடர் உங்களுக்குத் தெரியும். இஃது அதனினும் கடிது. அங்கே பாடமேனும் ஏறத்தாழ ஒன்று; இங்கே பாடமே வேறு.

வேறு பள்ளியில் தேறியவர்களைக் கானோ எவ்வாறு ஏற்றார்? இதற்கு 1920ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த ஒரு செய்தி சான்றாகும். அதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தானி யுகியோ என்னும் ஜுஜுத்சு வீரர் 1900ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றவர். உருவத்தில் சிறியவர். அந்நாட்டு நாடகக் கொட்டகைகளில் மேடையேறி, என்னை எதிர்த்து இத்தனை நிமிடம் நிற்போர்க்குப் பரிசு என்று அறைகூவி, தம்மினும் பெரிய மல்லர்களை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். கொய்சூமி குஞ்சி என்பவர் அரக்கு வேலைப்பாட்டில் வல்லவர். தாமும் ஜுஜுத்சு பயின்றவர். அவர் 1918இல் லண்டனில் புடோக்வாய் என்னும் பயிற்சிக் கழகத்தைத் தம் பொருளைச் செலவிட்டுத் தொடங்கினார். தானி அங்கே ஆசிரியரானார்.

1920இல் கானோ லண்டனுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இருவரையும் கண்டார். தம் கழகத்தில் இனி ஜூடோவையே கற்பிப்பது என்று அவர்கள் இசைந்தனர். கானோ இருவருக்கும் இரண்டாம் டான் அளித்தார்.

இந்த இரண்டு என்னும் எண்ணை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் மேடையில் வென்ற வீரரை, "என் பள்ளிக்கு நீ புதியவன், வெள்ளைப் பட்டை கட்டு" என்று அவர் சொல்லவில்லை. நாடறிந்த பெயர் ஆயிற்றே என்று உயர்ந்த படி எதனையும் அள்ளிக் கொடுக்கவும் இல்லை. உன் உடல் அறிந்ததை நான் கண்டேன். என்னிடம் நீ அறிய வேண்டியதும் உளது என்னும் இரண்டும் அந்த ஓர் எண்ணில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இஃது என் கருத்தே. கானோ அவ்வாறு எழுதி வைத்தார் என்று கொள்ள வேண்டா. கொய்சூமி பின்னாளில் மேலும் உயர்ந்த படிகளை அடைந்தார் என்பது மட்டும் வரலாறு.

இதற்கு மாறான வழியும் உண்டு. ஓட்சுகா ஹிரோனோரி என்பவர் இளமை முதல் ஜுஜுத்சு பயின்று தேர்ந்தவர். 1922இல் ஒக்கினாவாவிலிருந்து ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைக் காட்டியபோது, அவரிடம் போய்ப் புதிய மாணாக்கராகச் சேர்ந்தார். ஃபுனகோஷியும் நம் இனத்தவரே. நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓட்சுகா பழைய தேர்ச்சியைக் காட்டி இடம் கேட்கவில்லை. 1924இல் ஃபுனகோஷி முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் பழைய கல்வி அவரை விட்டுப் போகவில்லை. 1930களில் அவர் ஜுஜுத்சுவையும் கராத்தேயையும் இணைத்து வாடோ ரியூ என்னும் தனி முறையைக் கண்டார்.

பிரேசில் நாட்டு வழக்கம் சுவையானது. கோடோகானில் பயின்ற மயேதா என்பவர் 1914இல் அங்குச் சென்று கற்பித்த கலை, கிரேசி குடும்பத்தார் கையில் தனி முறையாக வளர்ந்தது. இன்று ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர் அதனைக் கற்கச் சேர்ந்தால், பெரும்பாலும் வெள்ளையில்தான் தொடங்குவார். ஆனால் சில போட்டிகளில் அவரை வெள்ளைப் பட்டையினரோடு மோத விடமாட்டார்கள். வகுப்பில் அவர் புதியவர். போட்டியில் புதியவர் அல்லர். முதலில் இஃது எனக்கு முரணாகத் தோன்றிற்று. பிறகுதான் விளங்கியது. கற்க வேண்டியதைக் காட்டும் பட்டை ஒன்று. எதிரில் நிற்பவனைக் காப்பதற்கான பட்டை மற்றொன்று. துணி ஒன்றேயாயினும் வேலை இரண்டு.

பணத்துக்காகவே புதுவரைக் கீழே இறக்கும் பள்ளிகளும் இல்லாமல் இல்லை. நிறத்துக்கு நிறம் தேர்வு, தேர்வுக்குத் தேர்வு கட்டணம். அவற்றைப் பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

இவ்வளவும் படித்தபின் அந்த ஆசிரியரைக் காணச் சென்றேன். முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று, "வாருங்கள், ஐயா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"ஐயா, உங்கள் பேத்தி நன்றாகவே ஆடுகிறாள். பினான் ஷோடான் என்னும் முதல் கட்டாவைச் செய் என்றேன். அவள் தனக்குத் தெரிந்த முதலாவதைச் செய்தாள். எங்கள் பள்ளியில் அது இரண்டாவது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்" என்றார்.

கட்டா என்பது தாக்குவதும் தடுப்பதுமாகிய அசைவுகளை வரிசையாகக் கோத்த பாடம். இதோசு அங்கோ என்னும் ஒக்கினாவா ஆசான், பள்ளிப் பிள்ளைகளுக்காக ஐந்து கட்டாக்களை அமைத்துப் பினான் என்று பெயரிட்டார். அவரிடம் பயின்ற ஃபுனகோஷி அவற்றின் பெயரை ஹெய்யான் என்று மாற்றி, முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி வைத்தார். அவரிடம் பயின்ற மற்றொருவராகிய மபுனி கென்வா, ஷிட்டோ ரியூவில் பழைய வரிசையையே காத்தார். ஓர் ஆசானின் இரு மாணாக்கர் வழிவந்த பள்ளிகள்; முதற் பாடம் எது என்பதிலேயே வேறுபாடு! என் பேத்தி தவறு செய்யவில்லை. அவள் கற்ற வரிசை வேறு.

அவர் மேலும் சொன்னார்: "அவள் பழுப்புக் கட்டி நின்றால், எதிரே நிற்கும் பழுப்புக்காரன் தன் முழு வேகத்தில் வருவான். எங்கள் முறையில் நிலை உயரம், நகர்வு வேறு. அவள் தாழ்ந்து ஊன்றி நின்று பழகியவள். பழகும் முன் அடிபட்டால் யார் பொறுப்பு, ஐயா?"

இதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. "தம்பி, இந்தக் காரணத்தை அவளிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "சொல்லவில்லை, ஐயா" என்றார்.

அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் வேறு மாநிலத்திலிருந்து குடிவந்த ஒரு தொழிலாளி, தன் மகனை நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு அழைத்து வந்தார். பையன் ஏழாம் வகுப்புத் தேறிய சான்றிதழ் இருந்தது. தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னேன், எழுத முடியவில்லை. ஏழாம் வகுப்பிலேயே மீண்டும் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கணக்கு ஆசிரியனாகிய நான் அவனிடம் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை. "அவன் படிச்சதெல்லாம் என்ன ஆச்சுங்க, ஐயா?" என்று தந்தை கேட்டார். விதி என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அப்படி ஒரு விதி இருந்ததா என்று நான் பார்க்கவும் இல்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்னும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் வந்தது. அந்தப் பையன் பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. கணக்கில் அவன் தன் வகுப்புக்கு மிகவும் முன்னே இருந்தான் என்று அவன் வகுப்பாசிரியர் பிறகு என்னிடம் சொன்னார்.

கராத்தே ஆசிரியர் மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பேத்தியை எதிரில் உட்காரவைத்து இரு வழிகளைச் சொன்னார். பழுப்பையே கட்டிக்கொண்டு பழுப்பு வரிசையின் கடைசியில் நிற்கலாம். ஆனால் புதிய கட்டாக்களைக் கற்கும் வரையில் சண்டைப் பயிற்சி இல்லை. அல்லது வெள்ளையில் தொடங்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளை மட்டும் தனியே பார்த்து, தகுதியான நிறத்தைத் தருவார், கட்டணம் வேண்டா. எது வேண்டுமென்று அவளே சொல்லட்டும் என்றார்.

அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைப் பட்டை ஒன்று வாங்கி வரச் சொன்னாள். பழுப்பை எறிந்துவிட்டாயா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இப்பொழுது அவள் கட்டுவது பச்சை. ஆனால் விடியற்காலையில் மொட்டைமாடியில் அந்தப் பழுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, பழைய பள்ளியின் கட்டாக்களை ஒன்றும் விடாமல் ஆடுகிறாள். எண்ணிக்கை சொல்லும் வேலை என்னுடையது. இச்சி, நி, சான், ஷி என்று ஜப்பானிய மொழியில் எண்ண வேண்டும். ஏழுக்கு மேல் எனக்குத் தடுமாறுகிறது. அவள் நின்று, திருத்திச் சொல்லிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறாள்.