சொந்தமா, அசலா? – கழுகுமலை மருத்துவ மரபியல் கருத்தரங்கின் தலைமையுரை



மரபியல் கருத்தரங்கைக் கழுகுமலையில் வைப்பானேன் என்று சிலர் கேட்டார்கள். காலையில் மலையேறியவர்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டுவான் கோயிலுக்கு அப்பால் பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் சமண உருவங்கள், கீழே வட்டெழுத்து. செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய மாணாக்கர் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்தப் பாறை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆளை எழுதினால் அவரைச் சேர்ந்தவர்களையும் எழுதுவது இந்த ஊருக்குப் பழைய வழக்கம். நம்முடைய கேஸ் ஷீட்டில்தான் ‘குடும்ப வரலாறு’ என்ற இடத்துக்கு எதிரே ‘குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அதில் பாதி கேட்காமலே எழுதியது என்பது இங்கிருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தெரியும்.

கேட்கிறவர்களும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: “சொந்தமா, அசலா?” அசல் என்று பதில் வந்ததும் பேனா மூடப்படுகிறது. அப்படி மூடக் கூடாது என்று சொல்லத்தான் இந்தத் தலைமையை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் சொந்தத்தைப் பார்ப்போம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். நாடு முழுமைக்கும் அது 11 விழுக்காடு. மாமன் மகளைக் கட்டியவருக்குப் பிறக்கும் குழந்தையிடம், பதினாறில் ஒரு பங்கு மரபணு இடங்களில் தாய் தந்த பிரதியும் தந்தை தந்த பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தேர்விலும் வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பதிக்கு என்ன சொல்வது என்பதுதான் தேர்வில் வராது. எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இன்னும் ஓர் இரண்டு மூன்று கூடும். மிச்சம் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. இதைச் சொல்லாமல், “ஏன் சொந்தத்துல கட்டுனீங்க?” என்று ஓ.பி.யில் சத்தம் போடுவதால் ஒரு பயனும் இல்லை. கையில் பிள்ளையோடு வந்திருப்பவர்களிடம் அந்தக் கேள்விக்குப் பதில் ஏது?

1970களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் வடார்க்காட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்தார்கள். கருச்சிதைவு போன்றவற்றில் சொந்தத்துக்கும் அசலுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் மணந்ததில் கொடிய மரபணுக்கள் களையெடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு விளக்கம் எழுந்தது. அதில் பாதிதான் எனக்கு ஏற்பு. கருவிலேயே கொல்லும் மரபணு களையப்படலாம். காது கேளாமை யாரையும் கொல்வதில்லை, அது தங்கிவிடும்.

இனி அசலுக்கு வருகிறேன். 2017-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினர் தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை. மரபுநோய்ப் பாடத்தில் உலகமே உதாரணம் காட்டும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட அந்த 81-இல் மூதாதையர் வட்டம் குறுகியது. சில குடும்பங்கள் வந்து குடியேறுகின்றன, பெருகுகின்றன, கொள்வினை கொடுப்பினையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. நீங்கள் ஃபவுண்டர் எஃபெக்ட் என்று படிப்பது இதைத்தான். இடைசெவல் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டை அழித்துக் கரிசலில் ஊர் கட்டிய கதை. நாவலைச் சான்றாக வைத்து மரபியல் பேச முடியாது. ஆனாலும் இந்தப் பாடத்தை உங்களுக்கு நடத்த இதைவிட நல்ல புத்தகம் என்னிடம் இல்லை.

ஆகவே அசல் என்று சொல்லும் தம்பதியும் பத்து இருபது தலைமுறைக்கு மேலே ஒரே பாட்டன் பாட்டியைப் பகிர்ந்திருக்கக்கூடும். அடுத்த கேள்விகள் வேண்டும். பூர்வீகம் எந்த ஊர்? பெண் கொடுப்பதும் எடுப்பதும் எந்தெந்த ஊரோடு? பிறந்து சில நாளில் தவறிய பிள்ளை உண்டா? காது கேளாதவர், மாலைக்கண் உள்ளவர், நடுவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் யாராவது? இதையெல்லாம் கணவனிடம் கேட்காதீர்கள், அவனுக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை உள்ளே கூப்பிடுங்கள். சாதியைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பூர்வீகமே போதும்.

கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நொதியை எடுத்துக்கொள்கிறேன். பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ், ஆய்வகச் சீட்டில் சூடோகோலினெஸ்டரேஸ். கல்லீரலில் உண்டாகி இரத்தத்தில் திரிவது. மயக்க மருத்துவர் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசியைப் போட்டதும், அந்த மருந்தின் பெரும்பகுதியை நரம்பு தசையைத் தொடும் இடத்துக்குப் போகுமுன்பே இது சிதைத்துவிடும். அதனால்தான் தசைகள் சில நிமிடத்தில் மீள்கின்றன. இந்த நொதி இல்லாதவருக்கு அதே ஊசி மணிக்கணக்கில் மூச்சை நிறுத்தும். வைசிய சமூகத்தில் இந்தக் குறை கூடுதலாக இருப்பது மயக்க மருத்துவர்கள் அறிந்ததே. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனோகரன், பூபதி உள்ளிட்டோர் 2006-இல் காரணத்தைக் காட்டினார்கள்: 307-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின். ஒரே ஓர் அமினோ அமிலம். பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதுப் பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. அந்தப் பெற்றோர் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே நொதியை இன்னோர் இடத்திலும் சந்திக்கிறோம். இது பருத்தி விளையும் மண். பருத்திக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவர்களும், காற்றுக்கு எதிரே நின்று அடித்து மயங்கியவர்களும் இந்தப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பூச்சிமருந்துகள் பலவற்றில் உள்ள ஆர்கனோபாஸ்பேட் முடக்குவது கோலினெஸ்டரேஸ்களைத்தான். நாம் இரத்தம் எடுத்து அளப்பதும் பெரும்பாலும் இந்த சூடோகோலினெஸ்டரேஸைத்தான். எனவே இரண்டு விஷயம் மனத்தில் இருக்கட்டும். மருந்து குடித்தவருக்குக் குழாய் இறக்கும் அவசரத்தில் ஸ்கோலின் போட்டால், பிறவிக் குறை இல்லாதவருக்கும் தசைத் தளர்ச்சி நீளும், நொதியை விஷம் கட்டிவைத்திருப்பதால். இரண்டாவது, அளவு குறைந்திருந்தாலே விஷம் என்று முடிவு கட்டாதீர்கள். கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும் அது குறையும், பிறவியிலேயே குறைந்தவரும் உண்டு. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா, வாயில் நீர் வடிகிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா என்று ஆளைப் பாருங்கள், பிறகு சீட்டைப் பாருங்கள். மரபணு, நொதி, வயல், வார்டு நான்கும் இந்த ஒரு சோதனையில் சந்திக்கின்றன. உங்கள் பாடத்திட்டத்தில் இவை வெவ்வேறு ஆண்டுகளில் கிடப்பது யார் செய்த ஏற்பாடோ!

காது கேளாமைக்கும் இதே முறையில் போகலாம். கனெக்சின் 26 என்ற புரதம் உட்செவியில் பொட்டாசியம் செல்லுக்குச் செல் கடந்துபோக வழிவிடுவது. அதற்கான ஜி.ஜே.பி.2 மரபணு பழுதானால் வழி அடைபடுகிறது, ஓசை மின்சாரமாக மாறுவதில்லை. ஆனால் செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே காக்ளியர் கருவி இந்தக் குழந்தைகளுக்கு நன்றாகப் பலன் தரும், பேச்சு வரும் வயது கடந்துவிடாமல் வைத்தால். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இதற்கு இடமுண்டு. ஆறு வரை காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருளல்ல. தொட்டிலில் கை தட்டிப் பார்த்துத் திரும்பவில்லை என்று தாய் சொன்ன அன்றே அனுப்புங்கள்.

மரபணுவே விதி என்று பயமுறுத்தவும் வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியின் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட பிரதி தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. அதைச் சுமப்பவர் எல்லாரும் இதய நோயாளி ஆவதில்லை. வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், பிள்ளைகள் பிறந்த பின்புதான் வருகிறது. முடக்குவாதத்துக்கு எச்.எல்.ஏ. மரபணுக்களின் பங்கு பெரிது. ஆயினும் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் வெங்கடசாமிக்கு இந்த வாதம் இளமையிலேயே விரல்களைக் கோணலாக்கியது. மகப்பேறு மருத்துவராக நினைத்திருந்தவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களாலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ரிசெசிவ் நோயில் பழுது இரு பக்கமும் சமம். “இவ வயித்துல வந்த குறை” என்று மாமியார் சொல்லும்போது, நீங்கள் அந்த அறையில் இருந்தால், கணவரும் கேட்கத் தமிழில், சத்தமாகத் திருத்துங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்ந்தது.

முதல் அமர்வில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரையப் போகிறீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. சொந்தக் குடும்பத்தை வரைய விருப்பமில்லாதவர்கள் மேசையிலுள்ள மாதிரிக் குடும்பத்தை வரையலாம். விவரம் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்து கேட்டு நிரப்புங்கள். ஒருவர் தாளை இன்னொருவர் படம் எடுக்கக் கூடாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.