ஆற்றுக்கு ஈடு ஆறுதான்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்று ஓர் ஆறு. நீளம் எழுபது கிலோமீட்டர்தான். ஒலிம்பிக் மலைப் பனியில் பிறந்து, கொஞ்ச தூரத்திலேயே கடலைத் தொட்டுவிடும். அந்தச் சின்ன ஆற்றில் ஒரு காலத்தில் வருஷத்துக்கு நாலு லட்சம் மீன் கடலிலிருந்து ஏறி வந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். பசிபிக் சால்மனின் ஐந்து இனமும் அங்கே வந்தது. 1910-ல் அணை வேலை தொடங்கியது. கடலிலிருந்து எட்டு கிலோமீட்டரில் அணை. மீன் ஏற ஒரு படிகூடக் கிடையாது. 1927-ல் மேலே இன்னோர் அணை, 64 மீட்டர் உயரம். நாலு லட்சம் சில ஆயிரமாகச் சுருங்கியது. சட்டம் இல்லாததால் நடந்ததா? இல்லை. மீன் ஏறும் ஆற்றில் அணை கட்டினால் மீனுக்கு வழி வைத்தே கட்ட வேண்டும் என்று அந்த மாநிலம் 1890-லேயே சட்டம் போட்டிருந்தது. மீனுக்கு வழி விட வேண்டாம், பக்கத்தில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் வைத்தால் போதும் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் சமரசம் பேசினார்கள். அந்தப் பொரிப்பகம் பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை, 1922-ல் கைவிட்டுவிட்டார்கள். அணை மட்டும் நூறு வருஷம் நின்றது. இந்த அநியாயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏனென்றால் இன்றைக்கும் உலகம் முழுக்க இதே பேரம்தான் நடக்கிறது: ஆற்றை எங்களிடம் கொடுங்கள், ஈடாக வேறொன்று தருகிறோம். ஆற்றுக்கு ஈடு ஆறுதான், வேறெதுவும் இல்லை என்பதுதான் என் வாதம்.

பொரிப்பகம் ஏன் ஈடாகாது என்று கேட்கிறவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். சால்மன் முட்டையிடுவதைப் பாருங்கள். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துச் சரளைக்கல்லில் குழி பறிக்கும். முட்டையிட்டதும் கொஞ்சம் மேலே போய் மறுபடி வாலால் அடிக்கும். கிளம்பும் கல் கீழே வந்து முட்டையை மூடிவிடும். அந்தக் கல்லின் இடுக்கு வழியே குளிர்ந்த நீர் விடாமல் ஓடினால்தான் முட்டைக்கு உயிர்மூச்சு. அணை தண்ணீரை மட்டுமா தடுக்கிறது? கல்லையும் மணலையும் சேர்த்துத் தடுக்கிறது. கீழே மீனால் புரட்ட முடியாத பாறைதான் மிஞ்சுகிறது. முட்டையிட்ட பசிபிக் சால்மன் அங்கேயே மடிகிறது. கரடி தூக்கிப் போகிறது, கழுகு கொத்துகிறது, மிச்சம் மண்ணில் மக்குகிறது. கடலின் நைட்ரஜன் மலைமரத்தின் கட்டையில் ஏறுகிறது, ஆய்வாளர்கள் அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பொரிப்பகம் வலைக்கு மீன் கொடுக்கலாம். காட்டுக்குக் கொடுக்குமா?

இந்த இடத்தில் பெயரில்லாத ஒரு வீரனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அணை எழுந்தபோது மேலே மாட்டிக்கொண்ட வானவில் டிரவுட் மீன்கள்தான் அந்த வீரன். அந்த இனத்தில் சில ஆற்றிலேயே வாழும். சில உடம்பெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு கடலுக்குப் போய், ஸ்டீல்ஹெட் என்ற பேர் வாங்கித் திரும்பும். எல்வாவில் கடலுக்குப் போகிற வழி அடைபட்டது. நூறு வருஷம், எத்தனையோ தலைமுறை, சிறைக்குள்ளேயே பிறந்து சிறைக்குள்ளேயே செத்தது. 2011-ல் இடிக்கத் தொடங்கி 2014-ல் இரண்டு அணையையும் எடுத்து முடித்தார்கள். அநேகமாக அற்றுப்போன கோடைக்கால ஸ்டீல்ஹெட் ஆற்றில் மறுபடி ஏறி வந்தது. எங்கிருந்து வந்தது என்று மரபணுவைச் சோதித்தார்கள். பொரிப்பகத்துப் பிள்ளை இல்லை. அணைக்கு மேலே அடைபட்டுக் கிடந்த அந்த டிரவுட்டின் வாரிசு! கடலுக்குப் போகும் குணத்தை அது நூறு வருஷம் ரத்தத்தில் காத்து வைத்திருந்தது. கை தட்டுங்கள், அது தகும். அந்த மீனுக்கு யாரும் தீனி போடவில்லை, திட்டம் போடவில்லை. வழி விட்டார்கள், அவ்வளவுதான்.

நம்மை வளர்ச்சியின் எதிரி என்று பட்டம் கட்டுகிறவர்கள் சிலர் உண்டு. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். மின்சாரம் போய்விடும், விவசாயம் போய்விடும் என்று ஊரைப் பயமுறுத்துவதுதான் அவர்கள் தொழில். சரி, கணக்கைப் பேசுவோம். ஓரிகானிலும் கலிபோர்னியாவிலும் ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள். நான்கும் சேர்ந்து தந்த மின்சாரம் அவற்றை நடத்திய நிறுவனத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பாசனத்துக்கோ குடிநீருக்கோ அவை கட்டப்படவில்லை. தேங்கிய தண்ணீரில் நச்சுப்பாசிதான் படர்ந்தது. 2002 செப்டம்பரில், நீர் குறைந்து வெதுவெதுப்பாகி நோய் பரவி, குறைந்தது முப்பதாயிரம் சால்மன் கீழ்ப்பகுதியில் செத்து ஒதுங்கியது. யூரோக், கரூக் முதலிய பழங்குடி மக்கள் சும்மா இருக்கவில்லை. அணை நிறுவனத்தின் முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்ததால் அங்கேயே போய்ப் பங்குதாரர்களிடம் நியாயம் கேட்டார்கள். உரிமத்தைப் புதுப்பிக்க மீன் ஏணி கட்டியாக வேண்டும் என்றபோது, ஏணி கட்டும் செலவைவிட அணையை எடுப்பது மலிவு என்று நிறுவனத்தின் கணக்கே சொன்னது. 2024 அக்டோபருக்குள் நான்கும் போயின. சில வாரத்திலேயே நான்கு அணையின் இடத்தையும் தாண்டி ஓரிகானுக்குள் சால்மன் ஏறியது, 1912-க்குப் பிறகு முதல் முறையாக!

வண்டல் ஆற்றையே கொன்றுவிடும் என்றும் சொன்னார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, மறுக்கமாட்டேன். எல்வா அணைகளுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்தது சுமார் இரண்டு கோடி கனமீட்டர் மண். முதல் சில ஆண்டு ஆறு குழம்பித்தான் ஓடியது. ஆனால் அதே மண்தான் அரித்துப்போயிருந்த முகத்துவாரத்தில் மணற்கரையை மீட்டுத் தந்தது, நண்டு வந்தது. அணை தேக்கிய ஏரி வடிந்தபோது, தங்கள் இனம் படைக்கப்பட்ட இடம் என்று அந்த ஆற்றங்கரைப் பழங்குடிகளான கிளாலம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பாறையும் வெளியே வந்தது. 2023-ல் அவர்கள் மறுபடி எல்வாவில் மீன் பிடித்தார்கள். எல்லா இனமும் பழைய அளவுக்கு மீண்டுவிட்டதா? இல்லை, சினூக் இனம் இன்னும் பொரிப்பகத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. நூறு வருஷக் காயம் பத்து வருஷத்தில் ஆறாது. அமெரிக்கக்காரன் மீனுக்கு இங்கே ஏன் கூட்டம் என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: கடலிலிருந்து நம் காவிரியில் ஏறி வந்த ஹில்சா, 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் என்ன ஆயிற்று என்று மீன்வளம் படித்தவர்களைக் கேளுங்கள். எல்லா அணையையும் இடி என்று நான் சொல்லவில்லை, மேட்டூரை நம்பி டெல்டாவே இருக்கிறது. பயன் போன அணையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஏணி வைத்தால் போதாதா என்பது கடைசிக் கேள்வி. அமெரிக்காவின் ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நான்கு அணை, நான்கிலும் ஏணி உண்டு. அங்கிருந்து கடலுக்குப் போகும் குஞ்சு, கொலம்பியா ஆற்றின் நான்கையும் சேர்த்து எட்டு அணை தாண்ட வேண்டும். ஏணி ஏறும் மீனுக்கு. இறங்கும் குஞ்சுக்குத் தேங்கிச் சூடான நீரும் சுழலும் டர்பைனும்தான். 1992-ல் ஐடாஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு எத்தனை சாக்கை சால்மன் வந்தது தெரியுமா? ஒன்று. ஒன்றே ஒன்று! அந்த இனத்தைக் காப்பாற்றியது பொரிப்பகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அது அவசர சிகிச்சை, வாழ்க்கை அல்ல. 1855 ஒப்பந்தங்களில் அந்தப் பகுதிப் பழங்குடிகளுக்கு மீன்பிடி உரிமை எழுதிக் கொடுத்தார்கள். மீனே இல்லாத ஆற்றில் உரிமையை வைத்து என்ன செய்வது? ஆற்றை மீட்க 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2025 ஜூனில் அதைக் கைவிட்டது. மறுபடியும் அந்த 1890 சட்டத்தின் கதை! அந்த மக்கள் கேட்பது பெரிய அதிசயம் இல்லை: மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள், படகில் போகும் கோதுமைக்கு ரயில் பாதை கொடுங்கள், பிறகு அந்த நான்கு அணையின் மண்கரையை வெட்டி ஆற்றை விடுங்கள்.