ஜாமீன் கிடைத்தும் வீடு திரும்பாதவர்கள்

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவையர் உதவித்தொகை பற்றி நாம் இங்கு பலமுறை பேசியிருக்கிறோம். இன்று, பேசக் கூச்சப்படும் ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. சிறையில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி.

சென்ற ஆண்டு ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டு வேலை செய்பவர். மகன் ஒரு திருட்டு வழக்கில் புழல் சிறையில் இருந்தான். அதுதான் அவன் மீது முதல் வழக்கு. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அந்த அம்மா பணம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட இரண்டு பேரைக் கேட்டார். "இந்த மாதிரி விஷயத்தில் அறக்கட்டளை தலையிடாது" என்று நாம் அனுப்பிவிட்டோம். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் அந்தப் பையன் ஏழு வாரம் உள்ளே இருந்தான். வேலை போயிற்று. தங்கையின் நிக்காஹ் பேச்சு நின்றது. இதற்கு நாம் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும்.

"தப்பு செய்தவன் அனுபவிக்கட்டுமே" என்று சிலர் கேட்கலாம். பொருளைப் பறிகொடுத்தவரும் நம் அண்டை வீட்டார்தான். அவருக்கு நீதி கிடைக்க வேண்டும். குற்றம் நிரூபணமானால் தண்டனை உண்டு. ஆனால் தீர்ப்புக்கு முன்பே, கையெழுத்துப் போட ஆள் இல்லை என்பதற்காக ஒருவன் அடைபட்டுக் கிடப்பது என்ன நியாயம்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் முன்வந்தபோது, வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழி சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவும் முதல் வழக்குக்காரர்களுக்குச் சலுகை தருகிறது. அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை.

ஜாமீன்தாரர் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருபவர் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். பொதுவாக அப்படியில்லை. அவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். சம்பந்தப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால்தான் அந்தத் தொகைக்குப் பொறுப்பு வரும். 'ஜாமீன்' என்ற சொல்லே 'ளாமின்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பொறுப்பேற்பவர் என்று பொருள். நாம் ஒதுங்கிக்கொண்டால், நீதிமன்ற வாசலில் காசுக்கு ஆள் பிடித்துத் தருபவரிடம் அந்தத் தாய் போய் நிற்பார்.

யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். குற்றமற்ற அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையில் இருக்க நேர்ந்தது. விடுதலையாகிப் போன தோழர் அரசரிடம் சொல்ல மறந்துவிட்டதே காரணம். நாமும் அப்படி மறந்துவிடக் கூடாது.

எனவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்துகளிலிருந்து, பொறுப்பேற்க மனமுள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க இருக்கிறோம். முதல் வழக்கு, தெரிந்த குடும்பம், வாய்தா தவறாமல் அழைத்துப்போக வீட்டில் ஓர் ஆள் என்ற மூன்றையும் பார்த்த பிறகே கையெழுத்துக் கேட்போம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம். இந்தச் செலவுக்கு ஜகாத் நிதியைத் தொடலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். கையெழுத்துக்கு ஜகாத் பணம் தேவையில்லை.

கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலக மேஜைக்கு வாருங்கள். முதல் இரண்டு பெயர்களை நிர்வாகிகளாகிய நாமே எழுதிவிட்டோம். அல்லாஹ் நம் தவறுகளை மன்னித்து, இந்தப் பணியை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.